நல்லாத்தானே இருக்கு, ஏன் அழிக்கணும்?

பெங்களூர் விவேக் நகரில் எனக்கு அறை கிடைத்ததற்கு ஈஸ்ட்தான் காரணம்.

அதற்கு முன்பு ஈஜிபுராவின் சந்துகளில் பல நாள் அலைந்திருந்தேன். வீட்டு ஓனர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "எந்தக் கம்பெனிமா?" கம்பெனி இல்லை, ஆராய்ச்சி மாணவி என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று சிலர் மரியாதைக்காகக் கேட்பார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஈஸ்ட் செல் ரெண்டா பிரியறப்ப அதுக்குள்ள இருக்கற புரோட்டீன எப்படி அழிக்குதுன்னு பாக்கறேங்க" என்று உண்மையைச் சொல்லிவிடுவேன். ஒரு ஓனரம்மா அதைப் பொறுமையாகக் கேட்டு, தலையாட்டி, காப்பியும் கொடுத்தார். மறுநாள் போன் செய்து, அந்த அறைக்குத் தன் மகளே வந்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு மகளே கிடையாது என்று புரோக்கர் பிறகு சொன்னார்.

விவேக் நகரில் நான் பார்த்த அறை ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. கீழே கடை, கடைக்குப் பின்னால் மாவு பிசையும் இடம், அதற்கும் பின்னால் ஓனரின் வீடு, வீட்டை ஒட்டி ஒடுங்கிய ஒரு முற்றம், அங்கிருந்து மாடிக்குப் படி. பேக்கரிக்காரர் கைகளில் மாவோடு வந்து நின்றார். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். "ஈஸ்ட்" என்ற சொல்லுக்கு அப்பால் அவர் எதையும் கேட்கவில்லை.

"ஈஸ்ட்டா? ஈஸ்ட்டுல பி.எச்டியா?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏய், இங்க வாயேன். ஈஸ்ட் டாக்டர் வந்துருக்குது!" என்று கத்தினார்.

அவர் மனைவி கையைத் துடைத்தபடி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னப் பொண்ணா இருக்குதே" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அன்று சாயங்காலமே சாவி என் கையில் இருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு அங்கிள், அவர் மனைவி ஆண்ட்டி.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் நாங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் ஈஸ்ட்டும் ஒரே இனம் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு ரொட்டி சுடத் தெரியாது. நான் ஈஸ்ட்டைக் குடுவையில் வளர்த்து, உடைத்து, அதற்குள் இருக்கும் ஒரே ஒரு புரோட்டீன் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பார்ப்பவள். மாவு ஏன் எழும்பவில்லை என்று கேட்டால், கேட்பவரைப் போலவே நானும் விழிப்பேன்.

அது தெரிய வேண்டிய நாளும் சீக்கிரம் வந்தது. ஒரு ஜனவரிக் காலை அங்கிள் மாடியேறி வந்து கதவைத் தட்டி, கன்னடம் கலந்த தன் தமிழில் கூப்பிட்டார். "மா, சொல்ப கீழ வரியா? பன் மாவு எழும்பல." நான் கீழே போய் மாவின் முன் நின்றேன். கைகட்டி நின்று பார்த்தேன். குனிந்து முகர்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே கிடந்த ஈஸ்ட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் அச்சிட்டிருந்ததை மனதுக்குள் படித்தேன். "தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும் அங்கிள். இன்னிக்கி குளிர் ஜாஸ்தி" என்றேன். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது, மாவும் ஏறியது. வெயிலுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

அதன்பின் தெருவில் என் பெயர் கெட்டுப்போனது, அதாவது உயர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா இட்லி மாவு புளிக்கவில்லை என்று பாத்திரத்தோடு வந்தார். ஆட்டோ ஓட்டும் ஒருவர், பீர் குடித்தால் தொப்பை வருவது ஈஸ்ட்டாலா, வேறு எதனாலாவது என்று சந்தேகம் கேட்டார். அவர் எதிர்பார்த்த பதில் முகத்தில் எழுதியிருந்ததால், நான் ஈஸ்ட்டின் மேல் பழியைப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து அவர்கள் கோயிலிலிருந்து திரும்பியதும், ஆண்ட்டி என்னை டீக்குக் கூப்பிட்டார். அன்றுதான் அங்கிள் முறையாகக் கேட்டார். "ஆமாமா, நீ டெய்லி அங்க போய் இன்னாதான் பண்ற?"

நான் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன். ஒரு ஈஸ்ட் செல் பக்கத்தில் மொட்டு விட்டு, அந்த மொட்டு பெரிதாகி, தனிச் செல்லாகப் பிரிந்து போகும். அப்படிப் பிரியும் வேலைக்குள் செல்லைத் தள்ளிவிட ஒரு புரோட்டீன் வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சேர்ந்ததும் வேலை தொடங்கும். ஆனால் வேலை முடிவதற்கு அந்தப் புரோட்டீன் இல்லாமல் போக வேண்டும். அது இருக்கும்வரை செல்லால் பிரிந்து வெளியே வர முடியாது. அதனால் சரியான நேரம் பார்த்து, ஒரு கூட்டம் வந்து அதன்மேல் அடையாளம் ஒட்டும். அந்த அடையாளமும் ஒரு குட்டிப் புரோட்டீன்தான். அடையாளம் ஒட்டியதை அரைத்துப் போட ஒரு மெஷின் இருக்கிறது. அது அரைத்துத் தள்ளிவிடும்.

அங்கிளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "டேட் முடிஞ்ச ரொட்டிய கடைங்கள்ல இருந்து திருப்பி எடுக்கற மாதிரி!"

"இல்ல அங்கிள். ரொட்டி கெட்டுப் போயிருக்கும். இந்தப் புரோட்டீன் கெட்டுப் போகல. நல்லாத்தான் இருக்கு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "நல்லா இருக்குதா?"

"புத்தம் புதுசு."

"நல்லாத்தானே இருக்கு, அப்ப ஏன் அழிக்கணும்?"

"அதோட வேலை முடிஞ்சிடுச்சு அங்கிள்."

"அதுக்கு? ஒரு ஓரமா வெச்சுக்கினா நாளைக்கு ஆவும்ல?"

ஆண்ட்டி டீயை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்களில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. "மா, அத இன்னொரு தடவ சொல்லு. வேல முடிஞ்சா?" என்றார்.

நான் தெரியாத்தனமாக ஒரு பழைய சண்டையின் நடுவில் காலை வைத்திருந்தேன்.

அங்கிள் எதையும் தூக்கிப் போடாதவர். அவர் வீட்டில் ஓடாத மிக்ஸிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. டால்டா டின்கள் இருந்தன. கைப்பிடி இல்லாத குடைகளும், குடை இல்லாத கைப்பிடிகளும் தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல், முற்றத்தை அடைத்துக்கொண்டு ஒரு பழைய ஓவன். அவர் சொந்தமாகக் கடை போட்டபோது வாங்கிய முதல் ஓவன் அது. செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஆள் நேராகப் போக முடியாது. நான் தினமும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்துதான் படியேறுவேன். ஆண்ட்டி துணி காயப்போடுவதும் அதன் தலைமேல்தான்.

"இது வூடா, குடோனா?" என்று ஆண்ட்டி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு அறிவியலின் துணை கிடைத்துவிட்டது.

அடுத்த நாள் காலை நான் இறங்கும்போது, ஓவனின் கதவில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மிக்ஸிகளிலும் டின்களிலும்கூட. ஆண்ட்டி கையில் டேப் உருளையோடு நின்றார். "போவ வேண்டியதுக்கெல்லாம் அடையாளம் போட்டுட்டேன். கரெக்டா?"

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "செல்லுல ஒண்ணு ஒட்டினா பத்தாது ஆண்ட்டி. ஒண்ணுமேல ஒண்ணா சங்கிலி மாதிரி ஒட்டினாத்தான் அந்த மெஷின் எடுத்துக்கும்" என்றேன். ஆராய்ச்சி மாணவிகளிடம் யாரும் இப்படி ஆர்வமாகக் கேட்பதில்லை. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது ஓவனில் சிவப்பு டேப் மாலை மாலையாகத் தொங்கியது.

அங்கிள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் ஒரு விடிகாலையில் நான் சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கிளம்பியபோது, அவர் ஓவனின் முன் குந்தியிருந்தார். நகத்தால் மெதுவாக, சத்தம் வராமல், டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "தூசி தட்டினேன்மா" என்றார்.

செல்லுக்குள்ளும் ஒட்டிய அடையாளத்தை உரித்தெடுத்து, போக வேண்டிய புரோட்டீனைக் காப்பாற்றிவிடும் ஆட்கள் உண்டு. அதைப் பற்றி எங்கள் ஆய்வகத்திலேயே ஒருத்தி வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதை அங்கிளிடம் சொன்னால் அவருக்குத் தைரியம் வந்துவிடும், ஆண்ட்டியிடம் சொன்னால் அங்கிள் மாட்டிக்கொள்வார். நான் யார் பக்கமும் சேராமல் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போனேன்.

இப்படி ஆண்ட்டி ஒட்ட, அங்கிள் உரிக்க, சில வாரங்கள் ஓடின. அதற்குள் எங்கள் நிறுவனத்தில் ஓப்பன் டே வந்தது. வருஷத்தில் ஒரு நாள் பொதுமக்கள் உள்ளே வந்து ஆய்வகங்களைச் சுற்றிப் பார்க்கலாம். நான் இருவரையும் கூப்பிட்டேன். அவர்கள் பெரிய திருநாளுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வந்தார்கள். அங்கிள் கோட் போட்டிருந்தார். ஆண்ட்டி ஒரு பெரிய டப்பா நிறைய பன் கொண்டுவந்து, என் வழிகாட்டிப் பேராசிரியரின் கையில் கொடுத்து, "இதுவும் ஈஸ்ட்தான் சார்" என்றார். பேராசிரியர் அதில் ஒன்றை எடுத்துத் தின்றபடி, அன்று முழுவதும் மற்றவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு படங்கள் தயாராக வைத்திருந்தேன். நுண்ணோக்கியின் கீழ் செல்களை விட்டுவிட்டு, அவ்வப்போது படம் எடுத்து, வேகமாக ஓடவிட்டவை. அந்தப் புரோட்டீன் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தோம். முதல் படத்தில் செல் மொட்டு விடும், பச்சை மெல்ல மெல்லக் கூடும், மொட்டு பெரிதாகும், திடீரென்று பச்சை அணைந்துவிடும். அணைந்த கொஞ்ச நேரத்தில் இரண்டும் தனித்தனியாகிவிடும்.

பச்சை அணைந்ததும் அங்கிள் கூரையைப் பார்த்தார். "கரண்ட் போச்சா?"

"இல்ல அங்கிள். புரோட்டீன அழிச்சாச்சு. அதான் வெளிச்சம் இல்ல."

"அவ்ளோ சீக்கிரமாவா?" என்றார் வருத்தத்தோடு.

இரண்டாவது படம் வேறு வகைச் செல். அதன் புரோட்டீனில் அடையாளம் ஒட்டுபவர்கள் பிடித்துக்கொள்ளும் சின்னப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். அதனால் யாராலும் அடையாளம் ஒட்ட முடியாது. மெஷினும் அதைத் தொடாது. பச்சை கூடிக்கொண்டே போகும். மொட்டு தாய்ச் செல்லின் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டே நிற்கும். படம் ஓடிக்கொண்டே இருக்கும். வேறொன்றும் நடக்காது.

அங்கிள் அதன் முன்னால் நின்றுவிட்டார். பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"இப்ப இதுக்கு இன்னா ஆவும்?"

"அப்படியே நிக்கும் அங்கிள். பிரிஞ்சு போகவும் முடியாது, பழையபடி ஒண்ணா ஆகவும் முடியாது."

"எவ்ளோ நேரம்?"

"சாகற வரைக்கும்."

"ஒரே ஒரு புரோட்டீன வெச்சுக்கினதுக்கா?"

"ஆமா அங்கிள்."

அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆண்ட்டி ஏதாவது சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயம். ஆனால் அவர் அங்கிளின் முழங்கையைப் பிடித்து மெதுவாக அடுத்த மேசைக்கு நகர்த்தினார். அங்கே யாரோ வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அதைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி என் மேசையையே பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம், நான் ஆய்வகத்திலிருந்து திரும்பி, பழக்கத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். நான்கு எட்டு அப்படியே நகர்ந்த பிறகுதான், சுவருக்கு எதிரே வெறும் காற்று என்பது உறைத்தது. ஓவன் இல்லை. மிக்ஸிகள் இல்லை. டின்கள் இல்லை. முற்றம் திடீரென்று ஒரு மைதானம்போல் இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஆண்ட்டியின் குரல் வந்தது. "ஏங்க! என் மெஷின் எங்க?"

ஆண்ட்டிக்கு ஒரு தையல் மெஷின் உண்டு. கல்யாணத்துக்கு அவர் வீட்டில் கொடுத்தது. முற்றத்துக் கதவின் பின்னால், பழைய பெட்ஷீட் போர்த்தி நிற்கும். இப்போது கதவும் இருந்தது, மடித்து வைத்த பெட்ஷீட்டும் இருந்தது, நடுவில் நின்றிருக்க வேண்டியது இல்லை.

அங்கிள் கடையிலிருந்து ஓடிவந்தார். நடந்தது என்னவென்றால், ஆண்ட்டி தன் அக்காவைப் பார்க்கச் சந்தாபுராவுக்குப் போயிருந்த நேரத்தில், அங்கிளாகவே மனதைத் தேற்றிக்கொண்டு, பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரருக்குப் போன் செய்திருக்கிறார். அவருடைய ஆட்கள் வண்டியோடு வந்ததும், "சிவப்பு டேப் ஒட்னது எல்லாத்தையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஓவன் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் கடைக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் மெஷின்ல டேப் ஒட்டவே இல்லயே!" என்றார் ஆண்ட்டி.

அங்கிள் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஓவனிலிருந்து உரித்த டேப்பையெல்லாம் குப்பையில் போட்டால் ஆண்ட்டி பார்த்துவிடுவார். அதனால் அவர், கைக்கெட்டிய தூரத்தில், பெட்ஷீட்டைத் தூக்கினால் ஒழிய யார் கண்ணிலும் படாத ஒரு இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

"எவ்ளோ ஒட்டுனீங்க?" என்றார் ஆண்ட்டி. எப்படியோ அவருக்கும் புரிந்திருந்தது.

"எல்லாத்தையும்தான்" என்றார் அங்கிள், மெல்லிய குரலில்.

அந்த வீட்டிலேயே அதிகம் டேப் ஒட்டியிருந்த சாமான் தையல் மெஷின்தான்.

ஆண்ட்டி என்னிடம் திரும்பி, "நீ கூடப் போமா. இவர தனியா அனுப்புனா, போனதெல்லாத்தையும் திரும்பக் கூட்டிக்கினு வந்துருவாரு" என்றார்.

குஜரிக் கடை ஈஜிபுராவில், ஒரு சந்தின் முனையில் இருந்தது. நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கினோம். கடைக்காரர் பெரிய தராசின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"அண்ணா, நீங்கதானே சொன்னீங்கோ, டேப் இருக்கறது எல்லாம் எடுன்னு? நம்ம பசங்கோ பாத்துப் பாத்து எடுத்தாங்கோ. ஒரு சாமான் வுடல. அந்த மெஷின்ல எவ்ளோ டேப்பு தெரியுமா? இத மறக்காம எடுன்னு சொல்றீங்கோன்னு நெனச்சோம்!"

"தப்பு என்னுதுதான் பாய்" என்றார் அங்கிள். "அது அவங்க கல்யாண மெஷின்."

பாயின் கோபம் உடனே இறங்கிவிட்டது. "அய்யோ, கல்யாண மெஷினா?" என்று எழுந்து உள்ளே போனார். அவர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

மெஷின் அதற்குள் மூன்றாகிவிட்டிருந்தது. தலை ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், இரும்புக் கால் ஒரு பக்கம். அவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிளைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். கடையின் பின்பக்கம், உடைந்த பிரிட்ஜ்களுக்கு நடுவே, ஓவன் நின்றது. அங்கிள் அதன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயும் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். "அண்ணா, அதையும் எடுத்துக்கினு போறீங்களா? வண்டி இருக்குது. நம்ம பசங்கோ கொண்டுவந்து வெச்சுடுவாங்கோ" என்றார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். ஆய்வகத்தில் அந்தப் படத்தின் முன் நின்றபோது இருந்த அதே முகம்.

"வேணாம்" என்றேன் நான். இவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.

அவர் கதவை மூடினார். மூடிவிட்டு மறுபடி திறந்தார். உள்ளிருந்து ஒரு கறுத்த தட்டை இழுத்தெடுத்தார். பன் அடுக்கி வேகவைக்கும் தட்டு. ஒரு ஓரம் நெளிந்திருந்தது. "இது மட்டும்மா" என்றார். "இதுல ஒண்ணும் டேப் இல்ல பாரு."

நான் மெஷினின் தலையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மெஷினின் தலை என் மடியில், பலகை எங்கள் முதுகின் பின்னால், இரும்புக் கால் எங்கள் கால்களுக்கு நடுவில், தட்டு அங்கிளின் மடியில். சிக்னலில் நின்றபோது அவர் கேட்டார்.

"ஏம்மா, அந்த செல்லு தப்பா எதையாவது அழிச்சுடுச்சுன்னா, போய் திரும்ப எடுத்துக்கினு வருமா?"

"வராது அங்கிள். அரைச்சா அரைச்சதுதான். மறுபடி வேணும்னா மொதல்ல இருந்து புதுசா செய்யணும். அதனாலதான் அடையாளம் ஒட்டறதுக்கு அவ்ளோ கட்டுப்பாடு."

அவர் மடியிலிருந்த தட்டை நிமிர்த்திப் பிடித்தார். "அப்ப நம்ம பர்வா இல்ல" என்றார். "நமக்கு பாய் இருக்காரு."

ஆண்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். மெஷினை நடு ஹாலில் இறக்கி வைத்ததும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பெல்ட் காணாமல் போயிருந்தது. அது கடையில் கிடைக்கும் என்றார். பின்பக்கம் இன்னும் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பை அவரே நகத்தால் உரித்தார். உரிக்கும்போது ஒரு தடவை சிரித்துவிட்டார். அதை அங்கிள் பார்த்துவிடக் கூடாது என்று உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் கண்ணில் தட்டு பட்டது. அங்கிள் அதைக் கதவருகே, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் நின்றிருந்தார்.

"இது யாருது?"

அங்கிள் என்னைப் பார்த்தார். வெறுமையாக இருந்த முற்றத்தையும் பார்த்தார்.

"என்னுது ஆண்ட்டி. லேப்ல வேணும்னாங்க" என்றேன்.

அதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் அதை எப்படிப் பிடித்தும் நேராக நடக்க முடிந்தது. ஆய்வகத்தில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கிள் வாடகை விஷயமாக எப்போதாவது மேலே வந்தால், பேசிக்கொண்டே லேசாகக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.